பழைய சிலிண்டர்: மாற்றுவதா, போரிங் செய்வதா?

கேள்வி: அப்பா ஓட்டிய 350 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளின் என்ஜினைப் பிரித்துவிட்டேன். நான்கு ஸ்ட்ரோக் வண்டி. நீலப் புகை வந்தது, எண்ணெய் குறைந்தது, மேட்டில் இழுவை இல்லை. பிஸ்டன் தலையில் 0.50 என்று பொறித்திருக்கிறது. ஒரு மெக்கானிக் புது சிலிண்டர் செட் (சிலிண்டரும் பிஸ்டனும்) வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் மறுபடி போரிங் செய்தால், அதாவது துளையைச் சற்றுப் பெரிதாக வெட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரில் யாராவது சிலிண்டரை அளந்து பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் பிஸ்டனில் பொறித்திருக்கும் எண்ணைத் தவிர வேறு அளவே இல்லை. அந்த 0.50, ஆரம்ப அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் என்பதைக் காட்டுகிறது. விரலால் தடவிப் பார்த்து, ‘தேய்ந்துவிட்டது’ என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்காக இரண்டு திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். ஆறு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும். அதிலும் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் முன்பக்க, பின்பக்கச் சுவர்களே பெரும்பாலும் அதிகம் தேயும். அதனால் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். 0.50 பிஸ்டனுக்கு அடுத்தது 0.75, எனவே கால் மில்லிமீட்டர் வெட்டினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கால் மில்லிமீட்டர் விட்டத்தில் கூடுவது. சுவரில் ஒவ்வொரு பக்கமும் எடுபடுவது 0.125 மட்டுமே. ஒரே பக்கம் 0.15 தேய்ந்திருந்தால், மையம் மாறாமல் 0.75க்கு வெட்டிய பிறகும் அந்தப் பள்ளம் முழுதும் போகாது. நேராக 1.00க்குப் போகவேண்டியதுதான். துளை பெரிதானால் வேகம் கூடும் என்ற ஆசையும் வேண்டாம்: 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள என்ஜினில் 1 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 10 சிசிதான் கூடும்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், போரிங் பிறகு. பழைய வண்டிகளுக்கு எல்லா அளவும் கடையில் கிடைக்காது. வெட்டிய பிறகு பிஸ்டன் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதைத் தயாரித்தவர் குறிப்பிடும் இடைவெளி விட்டுத் துளையை வெட்டச் சொல்லுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும் சத்தம் வரும். மில்லிமீட்டரில் கடைசிச் சில நூறில் பங்குகளை ஹோனிங்கில் (சாணைக் கற்களால் தேய்த்து) எடுக்கவேண்டும். சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியவேண்டும். எண்ணெய் தங்குவது அவற்றில்தான். கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரைக் காட்டிப் பெருமைப்படும் பட்டறையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

1.00 அளவிலும் பள்ளம் போகவில்லை என்றாலோ, அந்தப் பிஸ்டன் கிடைக்கவில்லை என்றாலோ, லைனர் இறக்கலாம். புதிய வார்ப்பிரும்பு உறை போட்டுத் துளையை ஆரம்ப அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். வெளி உடல் பழையதாகவே இருக்கும். சிலிண்டரில் வெடிப்பு இருந்தாலோ, அடிப்பகுதி உடைந்திருந்தாலோ மட்டும் புது செட் பக்கம் போங்கள். அதையும் நம்பி அப்படியே மாட்டாதீர்கள். புதுத் துளையையும் அளந்து பாருங்கள். பழைய பிஸ்டனோடு எடை, பிஸ்டன் பின்னின் (pin) விட்டம், அந்தப் பின்னின் மையத்திலிருந்து தலை வரையிலான உயரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். எடை மிகவும் மாறினால் கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) சமநிலை கெட்டு வண்டி அதிரும்.

ஒரு சந்தேகமும் உண்டு. வண்டி இழுக்கும்போது புகை வந்ததா, அல்லது நின்ற இடத்திலேயே என்ஜின் சற்று நேரம் ஓடியபின் ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் மட்டும் வந்ததா? இரண்டாவது என்றால் வால்வு கைடுகளையும் (வால்வுத் தண்டு நகரும் குழாய்களையும்) பாருங்கள். பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்து, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்திருந்தால் துப்புக் கிடைத்திருக்கும்: எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோதான். இப்போது பிரித்தாகிவிட்டதால், வால்வுகள் இருக்கும் ஹெட்டையும் அதே பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ரசீதில் ‘போரிங் வேலை’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். முடிந்த துளை அளவு, பிஸ்டன் அளவு, விட்ட இடைவெளி மூன்றும் அதில் இருக்கவேண்டும். புது செட்டே வாங்கினாலும் பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கி, எண்ணெய் தடவி வையுங்கள்.