வங்கக் கடலில் ஓர் அஸ்தமனம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூரில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் டிஜிட்டல் புகைப்படம் எங்களுக்கு ஒரு பாடம். வாரம் ஓர் அசைன்மென்ட் உண்டு. முதல் வாரம் ஒரே பொருளை இருபது விதமாக எடுக்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் நிழல் மட்டும். பிறகு ஒரே இடத்தை ஒரு நாள் முழுக்க. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போல இருக்கிறது. என் தோழிகள் யூடியூப் பார்த்து, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ப்ரீசெட் (முன்பே அமைத்து வைத்த திருத்தத் தொகுப்பு) போட்டுத் தரும் படங்கள் இவற்றைவிட அழகாக இருக்கின்றன. சென்ற வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் எடுத்த படகுப் படத்தில் வானம் வெளிறிப் போயிருந்ததால், போட்டோஷாப்பில் வேறொரு வானத்தை வைத்துக் கொடுத்தேன். ஆசிரியர் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டு, "சூரியனைப் பார்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். படத்தைத் திருத்துவது தவறா? தவறென்றால் அந்த மென்பொருளை ஏன் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? படத்தை இணைத்துள்ளேன்.

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கடலூர்

அன்புள்ள மாணவிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். மணலில் ஏற்றி வைத்த மூன்று ஃபைபர் படகுகள், அருகில் குவித்துப் போட்ட நீல வலை, பின்னால் கடல், அதற்கு மேல் செம்மஞ்சள் வானத்தில் நீருக்குள் இறங்கும் முழுச் சூரியன். உங்கள் ஆசிரியர் எழுதியதன் பொருள் அந்தப் படகுகளின் நிழலில் இருக்கிறது. மூன்று நிழல்களும் உங்களை விட்டு விலகிக் கடலை நோக்கி நீண்டிருக்கின்றன. அப்படியென்றால் நீங்கள் ஷட்டரை அழுத்தியபோது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், ஊருக்கு மேல், மேற்கே இருந்திருக்கிறது. நீங்கள் ஒட்டிய சூரியன் உண்மையாகவே கடலுக்கு மேல் நின்றிருந்தால் நிழல்கள் உங்கள் காலடியை நோக்கி வந்திருக்கும். அதோடு, நம் கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாமே தவிர, கடலில் விழுவதைப் பார்க்க முடியாது. தேவனாம்பட்டினத்தில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கும் எவரிடம் காட்டினாலும் முதல் பார்வையிலேயே இதைச் சொல்லிவிடுவார்.

திருத்தியதற்காக உங்கள் மதிப்பெண் குறையவில்லை என்றே நினைக்கிறேன். அந்த மாலையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை எடுக்கும்போதும் நீங்கள் கவனிக்கவில்லை, திருத்தும்போதும் கவனிக்கவில்லை, அதற்காகக் குறைந்திருக்கிறது. ஆகவே திருத்துவது சரியா தவறா என்ற கேள்வியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, திருத்தும் மேசையிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதைப் பற்றி எழுதுகிறேன். என் அனுபவத்தில், புகைப்படக் கலையின் பெரும் பகுதியை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் கற்றதை எடுத்துக்கொண்டு மறுநாள் அதே இடத்திற்குத் திரும்பிப் போக வேண்டும்.

நான் கண்டுகொண்ட விதத்தைச் சொல்கிறேன். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை, கறுப்பு வண்ணம் பூசிய விசைப்படகின் பக்கவாட்டை ஒட்டி ஒரு அம்மா காரப்பொடிக் கூடையை இறக்கி வைத்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த மீனின் தோல், ஈரத்தோடு வெயில் பட்டால், வெள்ளித் தகடு போல மின்னும். எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடைக்குள் மீனே இல்லை. வெள்ளைத் திட்டுகள்தான் இருந்தன. லைட்ரூமில், படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளை அடக்கும் ஹைலைட் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தேன். வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறியதே ஒழிய, ஒரு செதில்கூடத் திரும்பி வரவில்லை.

காரணம் எளிமையானது. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. என் சட்டகத்தின் முக்கால் பாகத்தைக் கறுப்புப் படகு அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கும் முயற்சியில் ஒளிமானி வெளிச்சத்தை ஏற்றிவிட, ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்த மீன் எரிந்துபோனது. சென்சாரின் ஒரு புள்ளி நிரம்பி வழிந்துவிட்டால் அதற்கு மேல் அங்கே தகவல் கிடையாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 ஒளிப் படிகளைப் பதிந்து வைக்கும், ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் உண்மை. ராவில் எடுத்தால் திருத்த நிறைய இடம் இருக்கும். ஆனால் பதியாத செதிலை எந்தக் கோப்பும் தராது.

அன்றிரவு குறிப்பேட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதினேன். இடப்பக்கம்: "ஹைலைட், கடைசி வரை." வலப்பக்கம்: "ஒன்றேகால் ஸ்டாப் குறைத்து எடுத்திருக்க வேண்டும், சூரியனுக்குப் பக்கவாட்டாக நின்றிருக்க வேண்டும்." ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் உள்ளே விடும் ஒளியைப் பாதியாக்குவது. மறுநாள் காலை அப்படியே செய்தேன். படகு நல்ல கறுப்பாகவே இருந்தது, கூடையில் ஒவ்வொரு மீனும் தனித்தனியாகத் தெரிந்தது, அந்த அம்மாவின் விரலில் ஒட்டியிருந்த செதில்கள்கூடத் தெரிந்தன. இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரைக் கொஞ்சம் உயர்த்திப் படகின் மரப் பலகைகளின் இணைப்பைக் காட்டினேன். அதோடு வேலை முடிந்தது. இதுவும் திருத்தம்தான். ஆனால் இந்த முறை நான் பார்த்ததைப் பிறருக்குக் காட்ட அது உதவியது.

அப்போதிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடரையும் எனக்கு வந்த ஒரு குறிப்பாகவே வாசிக்கிறேன். படத்தில் பாதியை வெட்டி எறிகிறேன் என்றால், நான்கு எட்டு முன்னால் போயிருக்க வேண்டும். கடலின் தொடுவானத்தை நேராக்குகிறேன் என்றால், அழுத்துவதற்கு முன் சட்டகத்தின் ஓரங்களைப் பார்க்கவில்லை. ப்ரீசெட்டோடு எனக்குள்ள வருத்தமும் இதுதான்: பத்து ஸ்லைடர்களை அது ஒரே நொடியில் நகர்த்திவிடுவதால், எது ஏன் நகர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உங்கள் தோழிகளின் படங்கள் அழகாகவே இருக்கட்டும். அவர்களிடம் அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அசைன்மென்ட்டுகளுக்கு வருகிறேன். ஒரே இடத்தை ஒரு நாள் முழுக்க எடுக்கச் சொன்ன ஆசிரியரை எனக்கு நேரில் தெரியாது, ஆனாலும் அவர் மேல் பெருமதிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு இணையாக, வடக்குத் தெற்காக ஓடும் வீதியொன்றில் ஒரு மஞ்சள் சுவரை நான் இப்படி எடுத்திருக்கிறேன். கிழக்கு பார்த்த சுவர். காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புப் பூச்சின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிகிறது, நிறம் முட்டைக் கரு போல இருக்கிறது. பிற்பகலில் வெயில் சுவரின் மறுபக்கம் போய்விட, நீல வானத்தின் வெளிச்சம் மட்டுமே அதன் மேல் விழுகிறது. அதே மஞ்சள், படத்தில் பச்சை கலந்து சோகை பிடித்தது போல வருகிறது. நடுப்பகல் வெயிலின் நிறவெப்பநிலை (வெளிச்சம் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதன் அளவு) சுமார் 5500 கெல்வின், நிழலில் அது 7000-ஐத் தாண்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சுவர் கண் முன்னால் நிறம் மாறியபோது ஏறியது. அந்த நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரை அதன் பிறகு ஒருபோதும் குருட்டாம்போக்கில் தொட்டதில்லை.

கேமரா இல்லாதவர்கள் செல்பேசி கேமராவை நாமே கட்டுப்படுத்த விடும் ப்ரோ மோடில் இதையெல்லாம் செய்யலாம். பெரும்பாலான செல்பேசிகளில் அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) மாற்ற முடியாது. ஷட்டர் வேகமும், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும் போதும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு கிம்ப், டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

வானத்தை மாற்றுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கற்பனைப் படம் என்று சொல்லிச் செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் "தேவனாம்பட்டினம், மாலை" என்று தலைப்பிட்டுவிட்டால் அது ஒரு சான்று. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் பெருந்தொகையாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியிருந்தது. அந்தச் சிலை நம்முடையதுதான் என்று அடையாளம் காட்ட உதவியவை அந்த நிறுவனத்தில் இருந்த பழைய படங்கள். 2014-இல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்தப் படங்களை எடுத்தவர் அழகுக்காகச் சிலையின் ஒரு தழும்பை அழித்திருந்தால், பின்னணியை மாற்றியிருந்தால், அவற்றை யார் நம்பியிருப்பார்கள்? எடுத்தபோது அது இப்படியொரு நாளில் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் படகுப் படத்தை யார், எதற்காக, எப்போது தேடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்குள் தேவனாம்பட்டினத்திற்குப் போய், நீங்கள் நின்ற அதே இடத்தில் நில்லுங்கள். சூரியன் கடலுக்கு மேல் வந்ததும் எதிர்வெளிச்சத்தில் படகுகள் கறுப்பு உருவங்களாக நிற்கும், நிழல்கள் உங்கள் கால்வரை வரும். வானத்துக்கு எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு) வைத்து ஒன்று, படகுக்கு வைத்து ஒன்று எடுங்கள். பிறகு தண்ணீர் ஓரம்வரை நடந்து, கடலுக்கு முதுகு காட்டி, வெயில் படகின் முகத்தில் விழும்படி ஒன்று எடுங்கள். மாலையில் திரும்ப வந்து, வெளிறிய வானத்தோடு நீங்கள் எடுத்த அந்தப் பழைய படத்தையே, ஒரு ஸ்டாப் குறைத்து இன்னொரு முறை எடுங்கள். நான்கையும் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தத் தோன்றியது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து