ஒன்டைம் செட்டில்மென்ட் செய்தும் சிபில் ஏன் இடிக்கிறது?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பீன்யாவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். 2021-ல் கிரெடிட் கார்டு பாக்கி 64,000 ரூபாயை 30,000-க்கு செட்டில்மென்ட் செய்தேன். இப்போது வீட்டுக் கடன் கேட்டால் ‘சிபில் 618’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் நான் வாங்காத டூவீலர் லோன் ஒன்றும் நிற்கிறது. 15,000 கொடுத்தால் 45 நாளில் 750 ஆக்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் உள்ள பதிவு உண்மையென்றால், அதை அழிக்கும் அதிகாரம் எந்த ஏஜென்ட்டுக்கும் இல்லை. தப்பான பதிவென்றால் நீங்களே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். அந்த இலவச புகாரைத்தான் அவரும் உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கிப் போடப்போகிறார்.

முதலில் டூவீலர் லோன். நம் கடன் கணக்குகளைப் பதிந்து ஸ்கோர் போடுவதற்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது. அதில் அந்த லோனுக்கு நேராக உள்ள பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, மொபைல் எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

நம் ஆட்களுக்கு இங்கேதான் வம்பு. இனிஷியலோடு எழுதும் பெயரை வங்கிப் படிவத்தின் ‘சர்நேம்’ கட்டத்துக்குள் திணிக்கும்போது ஒரு இடத்தில் ‘கே. முருகன்’, இன்னொரு இடத்தில் ‘முருகன் குமாரசாமி’ என்று ஆகிவிடுகிறது. அதே பெயரும் நெருங்கிய விவரங்களும் கொண்ட வேறொருவரின் கடன் நம் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ள இது போதும். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

லோன் தப்பாக வந்து ஒட்டியதுதான் என்றால், அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ‘டிஸ்ப்யூட்’ (திருத்தக் கோரும் புகார்) போட்டு, ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். சிபில் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். மொத்தம் 30 நாள் கெடு. அதில் கம்பெனிக்கு 21 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இது விதி. பதில் வரவில்லை, வந்ததும் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. உதவிக்கு 14448. பான் எண் உங்களுடையதே, ஆனால் மொபைல் எண் யாருடையதோ என்றால் அது மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லி, போலீஸ் புகாரின் நகலை டிஸ்ப்யூட்டோடு இணையுங்கள்.

இனி கார்டு. அதில் தப்பான பதிவு எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். நீங்கள் 30,000 கட்டினீர்கள். வங்கி 34,000-ஐ விட்டுக்கொடுத்தது. அதனால் ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ வராது, ‘செட்டில்டு’ என்றுதான் வரும். வீட்டுக் கடன் கொடுப்பவர் ஸ்கோரைவிட இதைப் பார்த்துத்தான் தயங்குகிறார். விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டி முடிப்பது ஒன்றே வழி. ஆனால் பணத்தை முதலில் கட்டிவிட்டு அப்புறம் கடிதம் கேட்கக் கூடாது. ‘இவ்வளவு கட்டினால் நோ டியூ சர்ட்டிஃபிகேட் தந்து, கணக்கை குளோஸ்டு என்று நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம்’ என்ற வாசகத்தை வங்கியின் அதிகாரப்பூர்வ மெயிலில் வாங்குங்கள். வட்டி சேர்த்துக் கேட்டால் பேரம் பேசுங்கள், அசலோடு ஒத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. பணம் கார்டு கணக்குக்கு நேராகப் போக வேண்டும், வசூல் ஏஜென்ட்டின் யுபிஐக்கு அல்ல. கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், கடிதமும் திருத்தமும் அந்த நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். கட்டி ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி பாருங்கள். மாறவில்லையென்றால் அந்த மெயிலை வைத்து டிஸ்ப்யூட்.

இத்தனை செய்தாலும் ஸ்கோர் தானாக ஏறிவிடாது, புதிதாக ஒழுங்கான பதிவும் சேர வேண்டும். 20,000 ரூபாய் எஃப்டி போட்டு அதன் பேரில் ஒரு கார்டு வாங்குங்கள். எஃப்டி ஈடாக இருப்பதால் இந்தக் கார்டுக்குப் பழைய ஸ்கோரைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். லிமிட் 16,000 என்றால் ஸ்டேட்மென்ட் போடும் நாளில் பாக்கி 4,800-ஐத் தாண்டக் கூடாது, அதாவது 30 சதவீதம். அதிகம் செலவாகிவிட்டால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் அன்றைய பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. மீதியை ஆட்டோ டெபிட்டில் முழுசாகக் கட்டுங்கள். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது, வட்டிதான் கழுத்தை நெரிக்கும்.

இடையில் ‘இங்கே கிடைக்குமா, அங்கே கிடைக்குமா’ என்று வங்கி வங்கியாக வீட்டுக் கடனுக்கு மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு மனுவும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கும். கார்டு பாக்கியை முடித்து, புதிய கார்டில் ஓராண்டு பிசகாமல் கட்டிய பிறகு, உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள்.