பெயர் வரியை அழித்துவிட்டு விற்கிறார்கள்: கேட்க வழி உண்டா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோபி. பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டுக்குப் பயிற்சி எடுக்க ஒரு சிஎஃப்ஜி ஃபைல் (விளையாட்டின் அமைப்புகளையும் கட்டளைகளையும் எழுதிவைக்கும் ஃபைல்) தொகுப்பு எழுதினேன். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது எதற்கு என்று தமிழில் குறிப்பும் போட்டிருந்தேன். நண்பர்களுக்கு இலவசமாகத்தான் கொடுத்தேன். கோவையில் ஒரு கேமிங் சென்டர், முதல் வரியில் இருந்த என் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டு 150 ரூபாய்க்கு விற்கிறது. கேட்டால், "நோட்பேடில் அடித்த ஃபைலுக்கு எல்லாம் ஏதுங்க உரிமை?" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அவர்கள் சொல்வது தவறு. நோட்பேடில் அடித்தீர்களா, வேறு எதில் அடித்தீர்களா என்று சட்டம் பார்ப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 2(ஓ)-படி கணினி நிரல், அட்டவணை, தொகுப்பு எல்லாமே 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குள் வருகின்றன. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் எது உங்களுடையது என்பதில் நீங்கள் தெளிவாக இருக்க வேண்டும். மவுஸ் வேகம் இத்தனை, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) இத்தனை என்ற தனித்தனி எண்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கட்டளைச் சொற்கள் விளையாட்டுக் கம்பெனியுடையவை. ஒரு படைப்புக்கு உழைப்பு மட்டும் போதாது, எழுதியவரின் திறமையும் தெரிவும் சிறிதளவு படைப்பூக்கமும் அதில் தெரிய வேண்டும் என்று 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் கோத்த அலியாஸ் (கட்டளைகளுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) வரிசை, பிரித்து அடுக்கிய விதம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தமிழ்க் குறிப்புகள், இவைதான் உங்கள் பலம். குறிப்புகளையும் அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள் என்றால் வழக்கு நன்றாகவே நிற்கும்.

இப்போது பெயர் வரிக்கு வருவோம். அது வெறும் அலங்காரம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிவு 55(2)-ஐப் படித்துப் பாருங்கள்: வெளியான பிரதியில் யார் பெயர் ஆசிரியராக இருக்கிறதோ, மறுத்து நிரூபிக்கும் வரை அவர்தான் ஆசிரியர் என்று நீதிமன்றம் கொள்ளும். அப்புறம் 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65பி. ஆசிரியர் பெயர், உரிமையாளர் பெயர், பயன்பாட்டு நிபந்தனை போன்ற தகவலைத் தெரிந்தே, அனுமதியின்றி நீக்கினாலோ மாற்றினாலோ இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவர்கள் செய்தது அதைத்தான். பிரிவு 57 தனியாக, இது என் படைப்பு என்று உரிமை கோர உங்களுக்கு இடம் தருகிறது. நாளைக்கு நீங்களே பதிப்புரிமையை விற்றாலும் அந்த உரிமை உங்களிடமே நிற்கும்.

'இலவசமாகக் கொடுத்துவிட்டாயே' என்ற வாதமும் எடுபடாது. பதிப்புரிமையைக் கைவிட வேண்டுமானால் பிரிவு 21-இன்படி பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ தெரிவிக்க வேண்டும். நண்பர்களுக்குக் கொடுத்தது அதில் சேராது.

நீங்கள் அனுப்பிய ஃபைலில் எனக்குக் கவலை தந்தது ஒன்றுதான். முதல் வரியில் உங்கள் கேமிங் பட்டப்பெயர் மட்டுமே இருக்கிறது. புனைபெயரில் வெளியான படைப்பாக இருந்தால், ஆசிரியர் யார் என்று வெளிப்படும் வரை, வெளியிட்டவரையும் உரிமையாளராகக் கொள்ள பிரிவு 54 இடம் தருகிறது. ஈரோட்டு மண்டிக்குக் குறி போடாமல் மஞ்சள் மூட்டையை அனுப்புவீர்களா? இனிமேல் இப்படி எழுதுங்கள்:

// எழுதியவர்: முழுப்பெயர், ஊர் (விளையாட்டுப் பெயர்)
// © ஆண்டு, முழுப்பெயர். சொந்த உபயோகத்துக்கு இலவசம்.
// விற்கக் கூடாது. இந்த வரிகளை நீக்கக் கூடாது.

எந்த ஃபைலில் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கான்ஃபிக்.சிஎஃப்ஜி என்ற ஃபைலை விளையாட்டே திரும்பத் திரும்ப எழுதிவிடும், உங்கள் குறிப்பு காணாமல் போகும். ஆட்டோஎக்ஸெக் (நீங்களே எழுதிவைக்கும் தொடக்கக் கட்டளை ஃபைல்) அல்லது தனி சிஎஃப்ஜி-யில் போட்டால் நிற்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வர்.ப்ராப்பர்டீஸ் ஃபைலிலும் இதே தொல்லைதான். ஜேசன் வகை ஃபைலில் குறிப்பு எழுதவே இடம் கிடையாது, கூடவே ஒரு ரீட்மீ ஃபைல் வையுங்கள்.

சரி, உடனே செய்ய வேண்டியது. பழைய ஃபைலைத் திறந்து பெயரைச் சேர்க்காதீர்கள், தேதி மாறிவிடும். முதன்முதலில் நண்பருக்கு அனுப்பிய மெயில்தான் சாட்சி, அதை அழிக்காமல் வையுங்கள். சென்டர் விற்கும் ஃபைலை நண்பர் ஒருவரை வாங்கச் சொல்லி யுபிஐ ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சாட்சிக்கு 2023 பாரதிய சாக்ஷிய சட்டத்தின் பிரிவு 63-படி சான்றிதழ் வேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளக் குறியீடு) அதில் எழுத வேண்டும், அதனால் இரண்டு ஃபைலுக்கும் இப்போதே ஹாஷ் எடுத்துவிடுங்கள்.

போலீசுக்குப் போகலாமா என்றால், போகலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63-இல் வரும் பதிப்புரிமை மீறல் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்கது, ஜாமீனில் விடத்தகாதது என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் 150 ரூபாய் ஃபைலுக்கு முதல் அடியே அதுவாக இருப்பதை நான் விரும்பவில்லை. முதலில் வக்கீல் நோட்டீஸ்: விற்பனையை நிறுத்த வேண்டும், உங்கள் பெயரைத் திரும்பப் போட வேண்டும், விற்ற கணக்கைக் கொடுக்க வேண்டும், பதினைந்து நாள் அவகாசம். பெரும்பாலும் இந்த இடத்திலேயே சமரசத்துக்கு வந்துவிடுவார்கள். வரவில்லை என்றால், பிரிவு 62 நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கோவைக்கு அலைய வேண்டாம், ஈரோடு மாவட்ட நீதிமன்றத்திலேயே தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம்.