கூலி வாங்கும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் லியோன் லெர்மித்தின் ‘அறுவடைக்காரர்களின் கூலி’ ஓவியத்தை நீங்கள் அவ்வளவு புகழ்ந்து எழுதியது எனக்கு ஒப்பவில்லை. 1882-இல் பாரிஸ் சலோன் என்ற கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, பிரெஞ்சு அரசே விலை கொடுத்து வாங்கிய படம். எல்லாம் புகைப்படம்போலத் துப்புரவு. மூன்றே ஆண்டுகளில் வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வந்துவிட்டது. அந்தக் கரடுமுரடான முகங்களைப் பார்த்தபின், லெர்மித் நகரத்தாருக்காகக் கிராமத்தை அலங்கரித்தவர் என்றுதான் படுகிறது.

ம.

அன்புள்ள ம.,

அரசு வாங்கியது உண்மைதான். அப்போதைய பிரெஞ்சு ஆட்சியான மூன்றாம் குடியரசுக்குக் கிராமத்து ஓட்டு தேவைப்பட்ட காலம் அது, ஆகவே அதில் அரசியலும் இருந்திருக்கும். ஆனால் வாங்கியவரை வைத்து வரைந்ததை எடை போட முடியுமா?

படத்தை இன்னொரு முறை பாருங்கள். இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம். அதில் வயல் இல்லை, பண்ணை முற்றம்தான். ஒரு பக்கம் கூலி கொடுக்கிறார்கள். ஒருவன் உள்ளங்கையில் காசை எண்ணுகிறான். பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். முன்னால் நீளப் பிடி அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் ஆளோ காசு இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அறுவடை முடிந்த களைப்பு மட்டும்தானா அது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு வரும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

அந்தக் காலத்து ஓவியர்கள் உழைப்பை வரைந்தார்கள், ஓய்வை வரைந்தார்கள், அந்தி நேரப் பிரார்த்தனையை வரைந்தார்கள். விளைச்சல் அறுத்தவனுக்குச் சொந்தமில்லை என்பதைப் படத்தின் நடுவிலேயே வைத்தவர்கள் குறைவு. வான்கோவின் குடும்பம் தான் தோண்டியதைத் தானே உண்கிறது. அந்த விளக்கொளிக்குள் கூலி கொடுப்பவர் யாரும் இல்லை. லெர்மித்தின் முற்றத்தில் இருக்கிறார். நான் புகழ்ந்தது இதைத்தான், தூரிகை வேலையை அல்ல.

அப்புறம், இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்துவதை வான்கோவே ஏற்றிருக்க மாட்டார். 1885-இல், நீங்கள் சொல்லும் அதே ஆண்டில், லெர்மித்தின் கிராமத்துக் காட்சிகள் ‘லெ மோந்த் இலுஸ்த்ரே’ இதழில் வந்தன. அவற்றை அனுப்பச் சொல்லித் தம்பி தியோவைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அலங்காரம் என்கிறீர்களே, லெர்மித் வெளியூர்க்காரர் அல்ல. மார்ன் நதிக்கரையில் ஷாத்தோ-தியெரிக்குப் பக்கத்திலிருக்கும் மோன்-சான்-பேர் கிராமத்தில் 1844-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியரின் மகன். அரிவாளோடு இருப்பவர் அந்தப் பகுதிக்காரரான கசிமிர் தெயான். வேறு படங்களிலும் அவர் வருகிறார். வாத்தியார் மகனுக்கு நிலமும் இல்லை, அரிவாள் பிடிக்கும் கட்டாயமும் இல்லை. முற்றத்து ஓரமாக நின்று இரண்டு தரப்பையும் பார்க்க வசதியான இடம் அது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கோபத்துக்கு வேறு இடம் உண்டு. 1925-இல் இறக்கும் காலம்வரை அவர் கதிர் பொறுக்கும் பெண்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். இதமான வெயில், அழகாகக் குனிந்த முதுகுகள். அவை எனக்கும் அலுப்புத் தருகின்றன. வாங்க ஆள் இருந்தது, வரைந்தார்.

முடிந்தால் அவருடைய கரி ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். வண்ணம் இல்லாததால் அந்தத் துப்புரவு உங்களை உறுத்தாது. பார்த்தபின்னும் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.