டிசம்பர் லீவுக்கு ஊட்டியா, கொடைக்கானலா, மூணாறா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. மூட்டு வலி, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு 67. நானும் மனைவியும் நாற்பதை ஒட்டியவர்கள். பிள்ளைகளுக்கு 11, 6. சின்னவளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் 24 இரவு கிளம்பி 29 காலை திரும்ப வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றில் எது நல்லது? தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ரயில் டிக்கெட், அறை, கார் எல்லாம் சேர்த்து ஊட்டி பேக்கேஜ் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு, அந்த வாரத்தில், மூன்றும் வேண்டாம். மைசூருக்குப் போங்கள். ஏஜென்ட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் 'எங்கே குளிரும்' என்றுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் டிசம்பரில் கேட்க வேண்டியது 'எங்கே மழை பெய்யாது' என்பதை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை உண்டு. சில ஆண்டுகளில் பொங்கலைத் தொட்டுவிட்டுத்தான் விலகும். 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மழை இருக்காது என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த மழை கிழக்கிலிருந்து, வங்கக் கடல் பக்கமிருந்து வருகிறது. ஆகவே மலையின் கிழக்கு முகம் நனையும், மேற்கு முகம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி எல்லாம் கிழக்கு முகம். அதே நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் கூடலூர் மேற்கு முகம். அதற்கும் குடகிலுள்ள மடிக்கேரிக்கும் பெரிய மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வந்து போயிருக்கும். ஊட்டி நடுவில் இருக்கிறது. அங்கே வெயில் அடிக்கலாம். ஆனால் நீங்கள் ஊட்டிக்கு ஏறும் மேட்டுப்பாளையம் பாதை முழுக்கக் கிழக்குச் சரிவு. நவம்பர், டிசம்பரில் மண்சரிவு, மரம் சாய்வது, மலை ரயில் ரத்து எல்லாம் அந்தப் பக்கம்தான். ஊர் நன்றாக இருந்து கடைசி ஐம்பது கிலோமீட்டர் சாலை கெட்டால், உங்கள் விடுமுறை கல்லாறு சோதனைச் சாவடியில் கழியும்.

அடுத்து உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100, மூணாறு 1,500-க்கு மேல், மடிக்கேரி 1,150, மைசூரு 760 அளவு. ஊட்டியில் மேகமில்லாத டிசம்பர் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி விழும். மலைக் காற்று இந்த உயரத்தில் மூச்சை முட்டாது, குளிர்தான் தொல்லை. குளிரில் ரத்த நாளம் சுருங்கும், அழுத்தம் ஏறும், மூட்டு விறைக்கும். அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மலை.

குளிர் என்றதும் ஒரு எச்சரிக்கை. மலை விடுதிகள் பலவற்றில் அறையில் ஹீட்டர் கிடையாது. கேட்டால் தனிக் கட்டணம். சில இடங்களில் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு நிறையும். மணம் கிடையாது, புகையும் தெரியாது; தூங்குபவர் எழ மாட்டார். எந்த ஊரானாலும், எவ்வளவு குளிரானாலும், அறைக்குள் கரி வேண்டாம்.

மூணாறைப் பற்றி ஒரு வரி: டிசம்பரில் கொடைக்கானலைவிட மழை குறைவு, உண்மைதான். ஆனால் ஆலுவா பக்கமிருந்து போனாலும் போடிமெட்டு வழியாகப் போனாலும் மணிக்கணக்கில் வளைவுகள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊருக்குள் வண்டி நகராது. வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் மூட்டு வலிக்காரருக்கும் அது விடுமுறை ஆகாது.

இப்போது அந்தப் பேக்கேஜ். ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்துக்குச் சொல்லப்படும் ஊட்டி பேக்கேஜில் வழக்கமாக நான்கு ஓட்டைகள் இருக்கும். கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

முதலாவது, 'டாய் டிரெயின் உண்டு' என்பார்கள். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பல்சக்கரம் கடித்து ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கிறது. பேக்கேஜில் வருவது பெரும்பாலும் ஊட்டி - குன்னூர் டீசல் வண்டி. அழகுதான், ஆனால் நீங்கள் நினைத்துப் பணம் கொடுத்த ரயில் அதுவல்ல.

இரண்டாவது, 'இ-பாஸ் நாங்களே எடுத்துத் தருவோம், தனிக் கட்டணம்.' சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. அது இலவசம். அரசின் இணையதளத்தில் கைபேசி எண்ணும் வண்டி எண்ணும் கொடுத்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். அரசுப் பேருந்தில் போகிறவருக்குத் தேவையே இல்லை. இலவசமான ஒன்றுக்குத் தரகர்கள் முளைக்கும்படி விட்டுவிட்டு, சாவடியில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி வரிசையை இன்னும் நீட்டுகிறார்கள், என்ன சொல்ல!

மூன்றாவது, 'காலா டின்னர்'. டிசம்பர் 24, 31 இரவுகளில் பல விடுதிகள் கட்டாய விருந்து என்று ஆளுக்கு ஒரு தொகை சேர்க்கும். குழந்தைக்கும் உண்டு. நீங்கள் 25 காலைதான் போய்ச் சேர்கிறீர்கள், ஆனாலும் அடுத்த இரவுக்கும் சேர்த்திருப்பார்கள். அறை வாடகையைக் கேட்காதீர்கள். வரியோடும் கட்டாய விருந்தோடும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, கார். மஞ்சள் போர்டு இல்லாத சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். வண்டி எண்ணை முன்பே வாங்குங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா, மலைக் கட்டணம், பார்க்கிங் யார் தலையில் என்பதையும் கேளுங்கள். கைபேசி வரைபடத்தை நம்பி ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க முயல வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை. பந்திப்பூர் வழியோ இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இதெல்லாம் சில்லறை. உண்மையில் அடி விழும் இடம் ரயில் டிக்கெட். தன் சொந்தக் கணக்கில் எடுத்துக் காசுக்கு விற்பவர் ரயில்வே சட்டப்படி குற்றவாளி. சிக்கினால் அவர் எடுத்த டிக்கெட்டுகளும் முடக்கப்படும், நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள். ரத்து செய்தாலும் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். அதனால் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 காலை 8 மணி. 28 இரவு திரும்ப அக்டோபர் 29. ரயில் முன்பதிவு இணையதளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் கணக்கின் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் வேளையில், இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி.

அப்பா, அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுவார்கள். பெரியவர் வயது 72 என்று தெரிந்தும் மேல் படுக்கை வந்துவிட்டது என்று புலம்புவார்கள். கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. ஆனால் அது ஒரு டிக்கெட்டில் தகுதியுள்ள ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் வேலை செய்யும். கூட ஒரு பேரன் பெயரைச் சேர்த்தாலும் ஒதுக்கீடு போய்விடும். எனவே அப்பா, அம்மா இருவருக்கும் தனி டிக்கெட். கோட்டா என்ற இடத்தில் 'ஜெனரல்' என்று விடாமல் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று மாற்ற வேண்டும். அதைத் தானாக மாற்றித் தரும் புத்தி அந்த இணையதளத்துக்கு இன்னும் வரவில்லை. முதியோர் கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பத் தரவில்லை. மிச்சமிருக்கும் இந்த ஒரு வசதியையாவது கண்ணில் படும்படி வைத்திருக்கலாம்.

மற்ற நால்வருக்கும் இரண்டாவது டிக்கெட். இரண்டும் வேறு வேறு பெட்டியில் விழ வாய்ப்புண்டு. முதலில் பெற்றோர் டிக்கெட்டை எடுத்து, வந்த பெட்டி எண்ணை இரண்டாவது டிக்கெட்டில் 'விரும்பும் பெட்டி' என்ற இடத்தில் போடுங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். தத்கலில் இந்தக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு கிடையாது என்பதால் தத்கலை நம்பிக் காத்திருப்பது உங்களுக்கு உதவாது. பிள்ளைகளுக்குப் படுக்கை கேட்டால் இருவருக்கும் முழுக் கட்டணம். 6 வயதுக்காரிக்குப் படுக்கை வேண்டாம் என்றால் பாதி. இரவு வண்டியில் அந்தப் பாதியை மிச்சம் பிடித்து ஒரு படுக்கையில் இருவரை நெருக்க வேண்டாம்.

மைசூருக்கு இரவு வண்டி காவேரி எக்ஸ்பிரஸ். இறங்கியதும் ஊர் சமதளம். டிசம்பரில் மழை மிகக் குறைவு. காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும், பகலில் வெயில் உறைக்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இங்கும் கூட்டம் உண்டு, அதை மறைக்கவில்லை. அரண்மனைக்குக் காலை திறந்த கையோடு போய்விடுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே படிகள் உண்டு, அப்பா மெதுவாக ஏறட்டும். விளக்கு அலங்காரம் ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணி வாக்கில் இருக்கும். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை மறந்துவிடுங்கள், கார் கோவில் அருகே வரை போகும். ஒரு நாள் ஸ்ரீரங்கப்பட்டணமும் ரங்கனதிட்டுப் படகும். பறவைகள் கூடும் மாதம் அது. சோமநாதபுரத்து ஹொய்சாலக் கோவில் இன்னொரு அரை நாள். மலை பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் மடிக்கேரி சுமார் 120 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பாமல் ஒரு இரவு தங்குங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வழியில் இருக்கும் பைலகுப்பேயின் திபெத்திய மடத்தோடு திரும்பிவிடலாம். மலை வளைவுகள் மிச்சம்.

காரை மைசூரில் கர்நாடகப் பதிவெண் கொண்ட மஞ்சள் போர்டு வண்டியாக எடுங்கள். சென்னையிலிருந்து டாக்ஸி கொண்டுபோனால் அகில இந்திய பர்மிட் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் வரி, அது உங்கள் பையிலிருந்துதான் போகும்.

அறை எடுக்கும்போது கூகுளில் தெரியும் கைபேசி எண்ணுக்கு அப்படியே முன்பணம் அனுப்பாதீர்கள். விடுதியின் பெயரில் எண்ணை மாற்றிப் போட்டுப் பணம் கறக்கும் கூட்டம் விடுமுறைக் காலத்தில் மும்முரமாக இருக்கும். விடுதியின் சொந்த இணையதளத்திலோ பெயர் பெற்ற முன்பதிவுத் தளத்திலோ எடுங்கள். 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள். பணம் பெற யூ.பி.ஐ. பின் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். வணிக வளாகத்தில் சீட்டுக் குலுக்கி 'மூன்று இரவு இலவசம்' என்று கூப்பிடுபவர்களிடமும் போகாதீர்கள். இலவசத்தின் பின்னால் பல லட்ச ரூபாய் உறுப்பினர் திட்டம் நிற்கிறது. அறை தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, மேற்கத்தியக் கழிப்பறையா, இந்த மூன்றையும் போனில் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கிளம்பும் வாரத்தில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் பதற வேண்டாம். ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் இணைய டிக்கெட்டின் முழுப் பணமும் தானாகத் திரும்பும். நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்தால் பிடித்தம் போகும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் போகாவிட்டால், அது புறப்படும் முன்பே டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் இணைய விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். அறையை, எந்தத் தேதி வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்று பார்த்து, டிசம்பர் 20-க்குப் பிந்தைய தேதி தரும் விடுதியிலேயே எடுங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.