ஸ்கேனில் குழந்தை சின்னதாக இருக்கிறதாமே?

கேள்வி: 34-வது வார ஸ்கேனில் குழந்தை 1.9 கிலோதான், 8-வது பெர்சென்டைல் (அதே வாரத்துக் குழந்தைகள் நூறில் எடை குறைந்த எட்டுக்குள்) என்று எழுதியிருக்கிறார்கள். நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் ஒரே பேச்சு. டாக்டரோ டாப்ளர் நன்றாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வா என்கிறார். அதுவரை சும்மா இருப்பதா?

பதில்: அந்த 1.9 கிலோவை யாரும் தராசில் நிறுத்துச் சொல்லவில்லை. குழந்தையின் தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் இதையெல்லாம் திரையில் அளந்து மெஷின் போடுகிற கணக்கு அது, 10 முதல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே போவது சகஜம், ஆக உங்கள் குழந்தை 1.7 கிலோவும் இருக்கலாம், 2.1 கிலோவும் இருக்கலாம். அதிகம் ஏமாற்றுவது வயிற்று அளவுதான். ஸ்கேன் செய்பவர் உங்கள் வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோப் கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே வட்டமாகத் தெரிய வேண்டிய குழந்தையின் வயிறு நசுங்கித் தெரியும்.

10-வது பெர்சென்டைலுக்குக் கீழே போனால் சின்னக் குழந்தை என்று குறித்துவிடுவார்கள், ஆனால் அதில் பாதிக்கு மேல் நோய் நொடி எதுவும் இல்லாமல் உடல்வாகிலேயே சின்னதாக இருப்பவைதான். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டமான வேலை. தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் உங்களுக்கு நன்றாக இருப்பது நல்ல செய்தி. இனி வளர்ச்சி வேகத்தைப் பார்க்க வேண்டும், ஒரே வாரத்தில் பார்த்தால் அளவில் வரும் பிழையே வளர்ச்சியை விழுங்கிவிடும், அதனால்தான் இரண்டு வாரம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், வாரக் கணக்கே தப்பாக இருந்தால் இந்தப் பெர்சென்டைலுக்கு அர்த்தமே இல்லை.

சாப்பாட்டைச் சொல்லி உங்களைக் குத்துபவர்களிடம், நஞ்சுக்கொடிப் பிரச்சினை கூடுதலாகச் சாப்பிட்டுச் சரியாகிற விஷயம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் இரண்டு வாரம் எல்லாம் பார்க்காதீர்கள், ராத்திரியானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லோருக்கும் கடைசி மாதங்களில் இந்த ஸ்கேன் கட்டாயம் எடுக்கலாமே?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தபோது 20 சதவீதச் சின்னக் குழந்தைகள்தான் பிடிபட்டன, எல்லோருக்கும் எடுத்தால் 57 சதவீதம். ஆனால் நெதர்லாந்தில் 13,000-க்கும் மேற்பட்ட, சிக்கல் குறைவான கர்ப்பிணிகளிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகக் கண்டுபிடித்தார்களே தவிர, குழந்தைகளுக்கு வரும் கடுமையான பாதிப்புகள் குறையவில்லை. ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள், முன்பு சின்னக் குழந்தை பெற்றவர்கள், டேப் வைத்து அளக்கும்போது வயிறு வாரத்துக்கு ஏற்ப வளராதவர்கள், இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்கு, என்னைக் கேட்டால், டாக்டரிடம் பேசி முடிவு செய்தால் போதும்.