வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊர் குட்டைப் பொண்ணுங்களுக்கு துணி, ஷூ: கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் சலாம், வணக்கம். கீழக்கரையில தையல் கடை வச்சிருக்கேன். துபாய், சிங்கப்பூர், ஹாங்காங், லண்டன்னு போன நம்ம கடற்கரைப் பொண்ணுங்க லீவுக்கு வரும்போது அங்க வாங்கின துணியையெல்லாம் பொட்டியில போட்டு கொண்டாந்து என்கிட்டதான் பிரிச்சு தைக்க குடுப்பாங்க, அதனால அந்த ஊர் ரெடிமேட் எந்த எடத்துல நமக்கு ஒக்காம போகுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். 5 அடி, 4 அடி 10, அதுக்கும் கீழ, யாரா இருந்தாலும் கேளுங்க. ஒரே ஒரு வேண்டுகோள், இஞ்ச் டேப்பு வச்சு அளந்துட்டு கேளுங்க. எஸ், எக்ஸ்எஸ்னு சொன்னா கடைக்குக் கடை மாறும், அத வச்சு எதுவும் சொல்ல முடியாது.

ராமநாதபுரம், இப்ப பர்மிங்காம்: அக்கா நான் 4 அடி 11. எக்ஸ்எஸ் எடுத்தாலும் தோள் தொங்குது, கை விரல மூடுது, ஆனா நெஞ்சுல இறுக்குது. நான் ஒல்லியும் கிடையாது. என்னதான் வாங்குறது?

நல்ல கேள்விம்மா, முதல்லயே வந்தது சந்தோஷம், ஏன்னா பாதிப் பேரோட பிரச்சனை இதுலயே இருக்கு. அங்க சாதாரண சைஸ் எல்லாம் ஏறக்குறைய 5 அடி 5, 5 அடி 6 இருக்கற உடம்புக்கு வரைஞ்சது. நம்ம நாட்டுப் பொம்பளைங்க சராசரியே 152 சென்டிமீட்டர் பக்கம்தான், அதாவது 5 அடிக்கு கொஞ்சம் கீழ. இங்க நீ நடுவாந்திரம், அங்க போனா குட்டை. உன் உடம்புல ஒரு குறையும் இல்ல. நீ பண்ற தப்பு என்னன்னா, நீளம் அதிகமா இருக்குன்னு சின்ன சைஸுக்குப் போற. சைஸ் குறைஞ்சா சுத்தளவு நல்லாக் குறையும், நீளம் கொஞ்சம்தான் குறையும், அதான் நெஞ்சுல இறுக்கி கையில தொங்குது.

நீ தேட வேண்டியது பெட்டீட். அது ஒல்லியானவங்களுக்குன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது உயரக் கணக்கு. பிரிட்டன்ல பொதுவா 5 அடி 3, அதுக்குக் கீழ. அமெரிக்காவுல 5 அடி 4, அதுக்குக் கீழ. உடம்பு பருமனா இருந்தாலும் பெட்டீட்லயே 14, 16 எல்லாம் இருக்கு. அதுல தோள் ஒடுக்கமா இருக்கும், தோள்ல இருந்து நெஞ்சு, நெஞ்சுல இருந்து இடுப்பு ரெண்டு எடத்துலயும் நீளம் கொறச்சிருப்பாங்க, கை நீளம் கொறையும், பேன்டுல இடுப்புப் பட்டிக்கும் கவட்டுக்கும் நடுவுல கொறையும், முட்டி வர்ற எடமும் மேல ஏறியிருக்கும். அடியில மட்டும் வெட்டி மடிச்சா இது எதுவும் சரியாகாது, இடுப்பு வளைவு உன் சீட்டுல, அதாவது பின்பக்கத்துல, வந்து உக்காந்துக்கும். அங்க மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட், ஏசாஸ், நியூ லுக் எல்லாத்துலயும் பெட்டீட் தனியா இருக்கு. உன் நெஞ்சளவுக்கு எந்த நம்பரோ அந்த நம்பர்லயே பெட்டீட் எடு.

இன்னொண்ணு, இத இன்னைக்கு பூரா சொல்லிட்டேதான் இருப்பேன்: தோள் ஒக்கலைன்னா வாங்காதீங்க. சைடு பிடிச்சுக்கலாம், டாட் (வடிவம் வர துணிய மடிச்சுத் தைக்கிறது) பிடிச்சுக்கலாம், கை கொறைக்கலாம், தோள பிரிச்சு தைக்கிறதுன்னா கைய முழுசா கழட்டி திரும்ப ஏத்தணும், வெளிநாட்டுல அந்தக் கூலிக்கு இன்னொரு சட்டையே வாங்கிடலாம்.

கீழக்கரை, இப்ப தேரா துபாய்: லாத்தா, அபாயா 54 எடுத்தா தரையக் கூட்டுது, 52 எடுத்தா சரியா வருமா? நான் 5 அடி.

வரும். அபாயா நம்பர் தோள்ல இருந்து அடி வரைக்கும் உள்ள நீளம், இஞ்சுல. 5 அடிக்கு 52, அதுக்குக் கீழ உள்ளவங்க 50 போட்டுப் பாருங்க. எப்பவும் போடுற செருப்போட நின்னு அளக்கணும். அடியில எம்ப்ராய்டரி, கல்லு வேலை இருக்கறத வாங்கிட்டு வெட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, வேலைப்பாடே போயிரும், பார்டர் இல்லாதத எடுங்க. மீனா பஜார், சத்வா பக்கம் தையக்காரங்க நெறைய இருக்காங்க, அளவு குடுத்தே தைச்சுக்கலாம். எஸ்கலேட்டர்ல அபாயா அடி மாட்டினா ஆபத்து, அதனால தரைக்கு மேல ஒரு இஞ்சாவது நிக்கட்டும்.

தொண்டி, இப்ப கோலாலம்பூர்: நான் 5 அடி, எந்த சைஸ் வாங்கலாம்?

அளந்துட்டு வாங்கம்மா. தோள், நெஞ்சு, இடுப்பு, சீட்டு, உள்கால் (கவட்டுல இருந்து கணுக்கால் வரை).

தங்கச்சிமடம், இப்ப மான்செஸ்டர்: அக்கா நான் நர்ஸ். என் கால் ரொம்ப சின்னது, யூகே 2, ஆனா முன்பக்கம் அகலம். பொம்பளைங்க ஷூ 3, 4-லதான் ஆரம்பிக்குது. பிள்ளைங்க ஷூதான் போடுறேன், சாயங்காலம் குதிகால் வலிக்குது.

செருப்பில்லாம மணல்ல நடந்து வளந்த கால் முன்பக்கம் விரிஞ்சுதான் இருக்கும், நம்ம கரையில பாதிப் பேருக்கு அப்படித்தான். நீளத்துக்கு வாங்கினா விரல் நசுங்கும், அகலத்துக்கு வாங்கினா குதிகால் கழண்டு வரும். அதனால ரெண்டையும் அளக்கணும். சாயங்காலம் அள, கால் அப்பதான் வீங்கியிருக்கும். சுவத்துல குதிகால ஒட்டி வச்சு பேப்பர் மேல நின்னு ரெண்டு காலையும் வரை, உக்காந்துட்டு வரையாத. பெரிய காலோட நீளத்த சென்டிமீட்டர்ல எடு, அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் ஷூவுக்குள்ள காலி எடம் வேணும். யூகே 2-ன்னா ஐரோப்பா கணக்குல 35 கிட்ட, அமெரிக்கா கணக்குல 4. பிராண்டுக்கு பிராண்டு அரை சைஸ் ஆடும், சென்டிமீட்டர் மட்டும்தான் நம்பிக்கை. அகலத்துக்கு அங்க எழுத்து போட்டிருப்பாங்க, பொம்பளைங்க ஷூவுல டி சாதாரணம், ஈ அகலம். அமெரிக்காவுல பி சாதாரணம், டி அகலம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பிள்ளைங்க ஷூ விஷயம்: பிரிட்டன்ல பிள்ளைங்க நம்பர் 13 வரை போயி திரும்ப 1-ல ஆரம்பிக்கும், அந்த 2-ம் பெரியவங்க 2-ம் ஒரே நீளம்தான். அமெரிக்காவுல அப்படி இல்ல, பொம்பளைங்க நம்பர்ல இருந்து ஒன்றரை கழிக்கணும், சில பிராண்டுல 2. நீளம் சரியா வரும், ஆனா உள்ள இருக்கற மெத்தை எடை கொறஞ்ச பிள்ளை ஓடியாடுறதுக்கு போட்டது. 12 மணி நேரம் வார்டுல நிக்கிற பொம்பளைக்கு அது பத்தாது. கடைத்தெருவுக்குப் போட்டுக்க, டூட்டிக்கு வேண்டாம். சிங்கப்பூர், ஹாங்காங்ல 35, 34 சாதாரணமா கிடைக்கும், ஜப்பான் பிராண்டுல சென்டிமீட்டர்லயே நம்பர் இருக்கும், அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா சொல்லி விடு. குதிகால் வலி ஷூ மாத்தியும் போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டு.

உச்சிப்புளி, இப்ப நியூஜெர்சி: அக்கா சொல்றத ஒத்துக்க மாட்டேன். நான் துணி, ஷூ ரெண்டுமே கேர்ள்ஸ் செக்ஷன்லதான் வாங்குறேன், 14-16 சைஸ் கரெக்டா இருக்கு, விலை பாதி. எதுக்கு பெட்டீட்டுக்கு அவ்வளவு காசு?

மான்செஸ்டர்: ஆமாக்கா, இங்க பிள்ளைங்க துணி, ஷூவுக்கு வாட் வரி கிடையாது, பெரியவங்களுக்கு 20 சதவீதம். அந்தக் காசு நமக்கு பெருசு.

பெரியபட்டினம், இப்ப மெல்போர்ன்: காசு மிச்சம்னு நானும் போனேன். டிரயல் ரூம்ல சேல்ஸ் பொண்ணு உங்க மகளுக்கான்னு கேட்டா. ஆபீஸ்ல பட்டாம்பூச்சி பட்டன் வச்ச சட்டை போட்டுட்டு மீட்டிங்ல உக்காந்தா யாரு நம்ம பேச்ச கேப்பா? நான் மாட்டேன்.

நியூஜெர்சி: பட்டாம்பூச்சி இல்லாததப் பாத்து வாங்கணும். யாரோ கேக்கறாங்கன்னு நான் ஏன் அதிகமா குடுக்கணும்?

ரெண்டு பேரும் நிறுத்துங்க, இதுக்கு நான் விரிவா சொல்லியே ஆகணும். காசு மிச்சம் உண்மை. வாட் விஷயமும் உண்மை. ஸ்வெட்டர், டீ ஷர்ட், பைஜாமா, மழைக்கோட்டு, கையுறை, இதெல்லாம் பிள்ளைங்க பக்கம் தாராளமா எடுங்க, வெக்கமே வேண்டாம், நம்ம ஒழைச்ச காசு. யாரு என்ன கேட்டாலும் எனக்குத்தான்னு சொல்லுங்க.

ஆனா சட்டை, கோட்டு, ஆபீஸ் பேன்ட், கவுன் இதுல நான் மெல்போர்ன் பக்கம்தான், காரணம் வேற. பிள்ளைங்க துணி மேல இருந்து கீழ வரை நேரா வெட்டினது. நெஞ்சுக்கு டாட் கிடையாது, அதனால முன்பக்கம் தூக்கிக்கும், பட்டனுக்கு நடுவுல வாயைப் பொளக்கும். அக்குள் சுத்து பத்தாது, கை தூக்கினா மொத்த சட்டையும் மேல வரும். பேன்டுல சீட்டுக்கு எடம் இருக்காது, உக்காந்தா பின்னால இறங்கும். இத சரி பண்ண துணி வேணும், உள்ள தையல் விட்ட துணியே அரை இஞ்ச்தான் இருக்கும். பெருச சின்னதாக்கலாம், சின்னத பெருசாக்க முடியாது. பாதி விலைக்கு வாங்கி நாள் பூரா சட்டைய கீழ இழுத்துவிட்டுட்டே இருக்கறது மிச்சமே இல்ல. நியூஜெர்சி தங்கச்சிக்கு நெஞ்சு 32-க்குள்ள இருந்தா அவங்களுக்கு சரியா இருந்திருக்கும், அத எல்லாருக்கும் சொல்லாதீங்க.

நியூஜெர்சி: 32தான் அக்கா. ஆனா பேன்டு விஷயம் சரிதான், பின்னால இறங்குது.

மெல்போர்ன்: அதத்தான் நானும் சொன்னேன்.

மான்செஸ்டர்: நீங்க சொன்னது பட்டாம்பூச்சி.

போதும்மா. பேன்டுக்கு வழி சொல்றேன், காசும் மிச்சமாகும். சாதாரண சைஸ்லயே ஆங்கிள் (கணுக்கால்) நீளம்னு போட்டிருக்கறத எடுங்க, உயரமானவங்களுக்கு கணுக்காலுக்கு மேல நிக்கிறது நமக்கு முழு நீளம். முக்கால் கை நமக்கு முழுக்கைக்குப் பக்கம் வரும். ரைஸ்னா கவட்டுல இருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம். மிட் ரைஸ் எடுங்க, நமக்கு அதுவே இடுப்பு வரை ஏறும், ஹை ரைஸ் எடுத்தா விலா வரை போகும். அடி விரிஞ்ச பூட்கட் வாங்கி வெட்டாதீங்க, விரிவே போயிரும். யூனிக்லோவுல நெறைய ஊர்ல பேன்டு நீளம் கொறச்சே தருவாங்க, கேளுங்க. காட்டன்னா மொதல்ல ஒரு தடவ துவைச்சு காய வச்சிட்டுதான் வெட்டணும், இல்லைன்னா சுருங்கி கணுக்காலுக்கு மேல போயிரும்.

மண்டபம், இப்ப தம்மாம்: அக்கா, நான் ஆம்பள, கேக்கலாமா? வீட்டுல 4 அடி 9. லீவுக்கு வரும்போது துணி வாங்கிட்டு வரணும், அவங்களுக்கு தெரியாம.

தாராளமா கேளுங்க தம்பி, நல்ல காரியம். அவங்களுக்கு ரொம்பப் புடிச்ச, நல்லா ஒக்கற ஒரு சுடிதார் டாப்ப அம்மாவையோ தங்கச்சியையோ விட்டு தரையில விரிச்சு அளக்கச் சொல்லுங்க. தோள் தையல்ல இருந்து தோள் தையல், ஒரு அக்குள்ல இருந்து மறு அக்குள், கை நீளம், மொத்த நீளம். கடையில அதே மாதிரி விரிச்சு அளந்து ஒத்துப் பாருங்க. தோள் மட்டும் கால் இஞ்ச் கூடக் கொறைய வேண்டாம்.

ஏர்வாடி, இப்ப சிங்கப்பூர்: எனக்கு 5 அடி 1, எம் சைஸா எஸ் சைஸா?

மேல ரெண்டு தடவ சொல்லிட்டேன். டேப்பு.

தேவிபட்டினம், இப்ப டப்ளின்: குட்டையா இருக்கறவங்க குறுக்குக் கோடு போட்டது போடக்கூடாதாமே? ஹீல்ஸ் கட்டாயமா?

எது புடிக்குதோ போடுங்க. தோள் ஒக்கணும், அவ்வளவுதான்.

பாம்பன், இப்ப டொராண்டோ: குளிருக்கு கோட்டு வேணும் அக்கா. வாங்கினதெல்லாம் முட்டிக்குக் கீழ போகுது, பாக்கெட்டுக்குள்ள கை எட்டல. ஊருக்கு கொண்டாந்தா கொறச்சு தருவீங்களா? என் சைஸ் என்ன வரும்?

கோட்டு எதுங்கறதப் பொறுத்தது. கம்பளிக் கோட்டுன்னா அடியும் கையும் கொறச்சு தருவேன், ஆனா பாக்கெட்ட மேல ஏத்த முடியாது, அதனால வாங்கும்போதே கை எட்டுதான்னு பாருங்க. எறகு அடைச்ச ஜாக்கெட்ட நான் தொட மாட்டேன், ஊசி போன ஓட்டை வழியா எறகு வெளிய வரும். மழைத்தண்ணி ஏறாத ஜாக்கெட்டுல உள்பக்கம் தையல் மேல டேப்பு ஒட்டியிருப்பாங்க, அத பிரிச்சா தண்ணி உள்ள வரும். இந்த ரெண்டும் மொதல்லயே ஒக்கறதா வாங்கணும். அங்க ரெய்ட்மேன்ஸ் கடையில பெட்டீட் இருக்கு, லேண்ட்ஸ் எண்ட், எல்எல் பீன் இவங்களும் கோட்டுல பெட்டீட் போடுறாங்க. உள்ள போடுற ஸ்வெட்டரோட போய் போட்டுப் பாருங்க, கைய முன்னால நீட்டி கட்டிப் பாருங்க, முதுகுல இழுக்கக் கூடாது. பனி பூட்ஸ்ல கணுக்காலுக்கு மேல ஏறுற பகுதியோட உயரம் பாருங்க, முட்டிக்குக் கீழ ரெண்டு வெரல் எடம் இல்லைன்னா மடக்கும்போது குத்தும். சைஸுக்கு அளவு அனுப்புங்க.

திருப்பாலைக்குடி, இப்ப ஷார்ஜா: எனக்கு எந்த சைஸ் வரும்...

அளவு இல்லாத கேள்விக்கு இனிமே பதில் போட மாட்டேன்மா, கோவிச்சுக்காதீங்க. தப்பா சொல்லி உங்க காசு வீணாப் போகக் கூடாது.

டொராண்டோ: அளந்துட்டேன் அக்கா. உயரம் 4 அடி 10. தோள் 13 அரை, நெஞ்சு 35, இடுப்பு 29, சீட்டு 38, உள்கால் 25, கை 20.

இப்படி அனுப்பினாதான் நான் சொல்ல முடியும். அமெரிக்க நம்பர்ல பெட்டீட் 6-ல ஆரம்பிங்க, நெஞ்சுல இழுத்தா 8. பேன்டு பெட்டீட் ஆங்கிள் நீளம், உள்கால் 25, 26-ன்னு போட்டிருக்கறதா பாத்து எடுத்தா வெட்டவே வேண்டாம். கோட்டுக்கு தோள் 14 வரை இருக்கலாம், ஸ்வெட்டருக்கு எடம் வேணும், 14 அரை வந்தா திருப்பி வச்சிருங்க. கை ஒரு இஞ்ச் நீளமா இருந்தா பரவாயில்ல, கம்பளின்னா நான் கொறச்சுத் தர்றேன். கை அடியில ஜிப்போ பட்டியோ இருந்தா மட்டும் எடுக்காதீங்க, அது இருந்தா கீழ இருந்து கொறைக்க முடியாது. ஆன்லைன்ல வாங்கினா, ஒக்குது, திருப்பி அனுப்ப வேண்டாம்னு முடிவாகுற வரைக்கும் டேக்க கிழிச்சிராதீங்க.